பரண் சொன்ன பாடம்

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் நிலம். வேர்க்கடலை காய் பிடித்தால் காட்டுப்பன்றி இறங்கிவிடும். வேட்டையாடினால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். எனவே காவலுக்குப் பரண் போட்டோம்.

தைலமரக் கம்பு நான்கு, இடித்த வீட்டுப் பலகை, பழைய தகரம், கட்டுவதற்குச் சைக்கிள் டியூப். கயிற்றில் 3, 4, 5 முழம் அளந்து அப்பா மூலைமட்டம் பார்த்தார். பிதாகரஸை அவர் படித்ததில்லை! ஏறினால் பரண் ஆடியது. "இன்னும் ரெண்டு கம்பு நடலாம்பா" என்றேன். "குறுக்குக் கம்பு கட்டுடா, தானா நிக்கும்" என்றார். நின்றது. முக்கோணம் உருக்குலையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்!

கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலேயே தினைப்புனம் காக்கும் பெண்கள் பரண் ஏறுகிறார்கள். இன்றோ சிலர் வேலிக்கம்பியில் 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக விடுகிறார்கள். பன்றிக்கு வைத்தது யானையையும் கொல்கிறது; இருட்டில் வரப்பில் நடக்கும் மனிதனையும் கொல்கிறது.

பரணில் தூக்கம் கெடும், உண்மைதான். முறைவைத்து விழிக்கலாம். வசதியுள்ளவர்கள் அனுமதி பெற்று, விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரிய மின்வேலி போடலாம். முறையாக அமைத்தால் அது விரட்டும், கொல்லாது.

"ஒரு லைன் இழுத்துக் குடு தம்பி" என்று நாளை ஊரில் கேட்கப்போவது நம்மிடம்தான். முடியாது என்று சொல்வோம். சொல்லிவிட்டு நழுவாமல், பரண் கட்டக் கம்பு பிடிப்போம். டிப்ளமோவுக்கு அதுவே மரியாதை!