உறையில் எழுதாத பெயர்

ஊரை விட்டு வெளிக்கிட்டபோது உடுப்புகளுக்கு நடுவே நாம் கொண்டுவந்த பொருட்களில் ஒலிநாடாக்களும் உண்டு. கோயில் திருவிழா, கலியாணவீடு, வானொலியில் பிடித்த கச்சேரி என்று ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கும். இப்போது பிள்ளைகள் அவற்றைக் கணனிக்கு மாற்றித் தருகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் மாற்றி முடிந்ததும் திரையில் தெரிவது 'பாட்டு 01', 'பாட்டு 02' என்பது மட்டுமே.

வாய்ப்பாட்டு என்றால் முதல் அடியைக் கேட்டே தேடிப் பிடிக்கலாம். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அந்த வசதி இல்லை. சுவாமி வீதிவலம் வரும்போது வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. யார், எங்கே, எப்போது வாசித்தார் என்பதை யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

அண்மையில் எமக்குத் தெரிந்த வீடொன்றில் ஓர் ஒலிநாடாவைக் கேட்டோம். உறையில் 'தவில்: தெட்சணாமூர்த்தி' என்று இருந்தது. எல்லோருக்கும் பெருமை. அம்மம்மா மட்டும், "இது எங்கட சின்னவளின்ர கலியாணமெல்லோ, 82 ஆம் ஆண்டு" என்றார். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975 இல். நல்ல தவிலைக் கேட்டதும் யாரோ அவர் பெயரை எழுதிவிட்டார்கள். அதனால் அன்று மணவறைக்கு முன்னால் இருந்து வாசித்த கலைஞரின் பெயர் இல்லாமற் போயிற்று. அவருடைய ஊர் அம்மம்மாவுக்கு நினைவிருந்தது, பெயர் வரவில்லை. "உங்கட தாத்தா இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பார்" என்றார்.

கணனியில் உள்ள ஒலிக்கோப்புக்குள்ளேயே இந்த விபரங்களை எழுத இடம் இருக்கிறது. எம்.பி.3 கோப்புகளுக்கு 1996 இல் வந்த முதல் முறையில் தலைப்புக்கு 30 எழுத்துக்குத்தான் இடம். இயற்றியவருக்கு இடமே இல்லை. பின்னர் வந்த முறைகளில் அதற்கும் இடம் உண்டு, தமிழிலேயே எழுதலாம். ஆனாலும் இன்றுவரை பல கோப்புகளில் 'கலைஞர்: தியாகராஜர்' என்று காண்கிறோம். தியாகராஜ சுவாமிகள் 1847 இல் மறைந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தது 1877 இல். சுவாமிகள் எங்கே வந்து வாசித்தார்?

இப்படி எழுதுங்கள்:

தலைப்பு: உருப்படியின் பெயர், ராகம், தாளம்.

கலைஞர்: நாதஸ்வரம் யார், தவில் யார் என்று வாத்தியத்தோடு சேர்த்து எல்லோருடைய பெயரும்.

இயற்றியவர்: கீர்த்தனையானால் மட்டும். ராக ஆலாபனை, தனித்தவில் என்றால் வெறுமையாக விடுங்கள்.

ஆண்டு: வாசித்த ஆண்டு. கணனிக்கு மாற்றிய ஆண்டு அல்ல.

குறிப்பு: எந்த ஊர், எந்த நிகழ்வு, அடையாளம் சொன்னவர் யார்.

ஒரு விபரம் நிச்சயமில்லை என்றால் பக்கத்தில் 'ஐயம்' என்று எழுதுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுவதில் வெட்கமில்லை. பெரிய பெயரொன்றைப் போட்டுவிட்டால் பிறகு ஒருவரும் தேடமாட்டார்கள். பழைய உறையையும் எறிந்துவிடாமல் இருபக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை தேநீரும் கொடுத்து, அருகில் இருந்து ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுங்கள். வேறு நகரில் இருந்தால் தொலைபேசியிலாவது கேட்கச் செய்யுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒலிநாடா இன்னும் சில காலம் தாங்கும். கேட்டுப் பெயர் சொல்லக்கூடியவர்களோ எம்மிடையே வரவரக் குறைந்துகொண்டே போகிறார்கள்.