கருணைக்கு உறுதி எழுதுக!

கண்டி வாவிக்கரையில் நின்று நோக்குவோர்க்கு நாற்றிசையும் பசுமலைகளே தோன்றும். கண்டோர் கண்ணுக்குக் குளிர்ச்சியான அம்மலைகள் 2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதி நாட்களில், ‘டித்வா’ என்னும் சூறாவளி இலங்கை மீது பாய்ந்த வேளையில், தம்மை நம்பி வாழ்ந்தோர் மீதே சரிந்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மிகப் பலர் கண்டி மாவட்டத்தினர். மகாவலி கரைபுரண்டு கம்பளை நகரினுள் நுழைந்தது. கண்டிக்கான புகையிரதப் பாதை அறுந்தது. சிங்களவர், முசுலிம்கள், தமிழர் என்ற வேறுபாடின்றி மக்கள் மண்ணுள் புதையுண்டனர்.

தலைவர்கள் வந்தனர், ஆறுதல் மொழிந்தனர், அரிசியும் பாயும் போர்வையும் வழங்கினர். இதனை நாம் குறைகூறவில்லை. பசித்தவனுக்குச் சோறிட்ட கையை எள்ளி நகையாடுவது பண்பாகாது. ஆயினும், முகாமில் அமர்ந்திருந்த தோட்டத் தொழிலாளி கேட்ட வினா ஒன்றே ஒன்று: “ஐயா, இனி நாங்க எங்க இருக்கிறது?” இவ்வினாவுக்கு விடை கூறாத கருணை, எத்துணைக் கண்ணீர் வடித்தாலும் அரைக் கருணையே என்போம்.

முழுதும் அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு; வரவேற்கிறோம். ஆனால் லயக் காம்பிராவில் பிறந்து, லயக் காம்பிராவிலேயே பிள்ளை பெற்று, அங்கேயே மூப்படைந்தவன் “என் வீடு” என்று எதனைச் சுட்டிக் காட்டுவான்? நிலம் அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியினது. அவன் கையில் உறுதியும் இல்லை, பத்திரமும் இல்லை. கிராமத்தில் வீடிழந்தவன் காகிதத்தைத் தேடுகிறான். தோட்டத்தில் வீடிழந்தவனுக்குத் தேடுவதற்குக் காகிதமே இல்லை!

இந்நிலை புயல் கொணர்ந்தது அன்று. கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு, ஏன், அதற்கு முந்திய கோப்பிக் காலந் தொட்டே, லயம் எந்தச் சரிவில் எழ வேண்டும் என்று தீர்மானித்தவர் எவரும் அதில் குடியிருந்தவர் அல்லர். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை நாடு மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. அது ஆபத்தான இடம் என்று ஆண்டுகள் பலவற்றுக்கு முன்னரே எச்சரித்திருந்தார்கள். போக்கிடம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை எதற்கு? ‘வெளியேறு’ என்பதோடு ‘இதோ, இங்கே குடியேறு’ என்றும் சொன்னாலன்றோ அது எச்சரிக்கை!

வேறு வகையான தலைமையையும் இதே கண்டி கண்டதுண்டு. இயேசு சபைத் துறவியாகிய அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தமிழர் அல்லர். வாக்குக் கேட்டு வந்தவரும் அல்லர். 1972இல் அவர் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டிற்று. கூப்பன் அரிசி குறைந்தது. மாவின் விலை ஏறிற்று. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்ட மக்களின் துயரை ஊரறியச் செய்வதும், சிங்கள இளைஞரையும் தமிழ் இளைஞரையும் ஒருசேர இருத்தி ஒருவர் துன்பத்தை மற்றவர் அறியச் செய்வதும் சத்தியோதயத்தின் பணியாயின. 1979இல் தோன்றிய இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தின் முன்னணியிலும் அவர் நின்றார். 2017இல் மறைந்தார். அவர் கூட்டிய கூட்டம் பெரிதன்று. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே ஊரில், அதே வேலையை அவர் விடாது செய்தார். நிச்சயமற்ற காலத்தில் மக்களுக்கு நம்பிக்கை தருவது, நாளையும் இவன் இங்கே இருப்பான் என்ற உறுதிதான்.

தமக்கு வாக்களிக்காத மலையக மக்களின் பிரசாவுரிமை 1948இல் பறிக்கப்பட்டபோது காங்கேசன்துறையின் பிரதிநிதி செல்வநாயகம் அதனை எதிர்த்து நின்றதும் அவ்வழிப்பட்டதே. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை கிட்டுவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள்! காணியுரிமைக்கும் அத்தனை ஆண்டுகளா?

புயலின் பின், “வடக்கே வாருங்கள், காணி தருகிறோம்” என்ற அழைப்பும் எழுந்தது. நெஞ்சம் நெகிழ்கிறது. 1977இலும் 1983இலும் அடியுண்டு வன்னிக்கு ஓடி வந்த மலையகத்தாரை அந்நிலம் ஏற்றது. அவர்கள் வியர்வையால் அந்நிலமும் விளைந்தது. விரும்புவோர் செல்லட்டும், வன்னி விவசாயிகள் அவர்களை அணைத்துக் கொள்ளட்டும். ஆனால் இவ்வழைப்பைக் காட்டி, மலையிலே காணி கொடுக்கும் கடமையிலிருந்து அரசாங்கம் நழுவிவிட இடமளிக்கலாகாது. இருநூறு ஆண்டுகளாக உழைத்த மண்ணை விட்டு ஒருவன் போவது அவன் விருப்பமாக இருக்க வேண்டும். வேறு வழியின்மையாக இருத்தல் கூடாது.

கண்டியிலும் மாத்தளையிலும் தொழில் புரியும் தமிழ் வழக்கறிஞர்களே, நொத்தாரிசுமாரே, நில அளவையாளர்களே! நிவாரணப் பொதி கட்ட ஆயிரம் கைகள் உள்ளன. விண்ணப்பம் எழுதவும், எல்லை குறிக்கவும், கந்தோர் வாயிலில் ஏழை பக்கம் நின்று வாதிடவும் உங்கள் கைகளே உள்ளன. வாரத்தில் ஒரு நாளை ஒரு தோட்டத்துக்குக் கொடுங்கள். 7 பேர்ச், 10 பேர்ச் என்று மேடைகளில் அளந்த காணி மண்ணில் அளக்கப்படட்டும். உறுதிகள் தமிழிலும் எழுதப்படட்டும். கணவன் பெயரோடு கொழுந்து பறிக்கும் மனைவியின் பெயரும் அதில் ஏறட்டும்.

தென்மேற்குப் பருவமழை ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைக்கு வந்து சேரும். அளவுச் சங்கிலி அதற்கு முன்னே மலையேற வேண்டும்.