எளிமையை அளப்பவர் யார்?

ஊரறிந்த வலையில் ஊரறிந்த மிதப்பைக் கட்டிவிட்டு, "இஃது என் கண்டுபிடிப்பு, இருபது ஆண்டுகளுக்கு எவரும் இதனைச் செய்யலாகாது" என ஒருவர் உரைப்பாராயின், அமிர்தகழியில் வாவியோரம் வலை பின்னும் மீனவர் நகைப்பர். அந்நகைப்பில் அடங்கிய நியாயமே பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமைச் சட்டத்தின் உயிர்நிலை. துறையிற் பயின்ற சாதாரணத் தொழிலாளிக்கு எளிதிற் புலப்படுவது கண்டுபிடிப்பாகாது என்பது அதன் விதி. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதனையே வேண்டுகின்றது. ஆயின், மென்பொருளைக் கணினியில் நிறுவும் முறைகள் பற்றிய மேன்முறையீடுகளில் அத்தொழிலாளியின் நகைப்பு நீதிபதியின் செவியை எட்டுகின்றதா?

யூனிலொக் வழக்கு இதற்கு விடை பகரும். நிறுவப்படும் மென்பொருள் உரிய அனுமதி பெற்றதா எனப் பதிவெண் கொண்டு சரிபார்க்கும் முறைக்கு 1996இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அதனை மீறியமைக்காக மைக்ரோசொப்ட் 388 மில்லியன் டொலர் செலுத்த வேண்டுமென 2009இல் ஜூரிமார் தீர்த்தனர். அதே ஆண்டில் மாவட்ட நீதிபதி அம்முடிவைத் தள்ளினார். 2011இல் மேன்முறையீட்டு மன்றம் உரிமை மீறல் நிகழ்ந்தது என்றது. ஆக்கவுரிமை செல்லாது என்னும் வாதத்தை ஏற்க மறுத்தது. நட்டஈட்டை மட்டும் மீள விசாரிக்கப் பணித்தது. ஆனால் 2016இல், வேறு கம்பனிகள் முறையிட்டபோது, ஆக்கவுரிமை அலுவலகத்தின் சபை முந்திய ஆவணங்களோடு ஒப்பிட்டு அதே உரிமையைச் செல்லாதாக்கியது.

இடையில் மாறியது கண்டுபிடிப்பன்று. எடுத்துக்காட்டப்பட்ட ஆவணங்கள் மாறின, அளவுகோலும் மாறியது. நீதிமன்றிலே ஆக்கவுரிமையை எதிர்ப்பவர் தெளிவானதும் நம்பவைப்பதுமான சான்று காட்டல் வேண்டும். சபையிலோ சான்றின் நிறை ஒருபுறம் சாய்ந்தாற் போதும். வழங்கும்போது அலுவலகம் விட்ட பிழையைத் திருத்த இருபது ஆண்டுகள் சென்றன. அக்காலத்திற் பெரும்பகுதி அப்பிழையே சட்டமாக ஆண்டது!

"கண்டபின் எதுவும் எளிதே" எனச் சிலர் வாதிப்பர். அவ்வெச்சரிக்கையில் உண்மையுண்டு. எனினும், எச்சரிக்கை குருட்டுத்தனத்துக்குக் கவசமாகலாகாது. சாதாரணத் தொழிலாளிக்கும் சாதாரணப் படைப்பாற்றல் உண்டு, அவன் இயந்திரமல்லன் என 2007இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் தெளிவுறுத்தியது. கோப்புகளைப் படியெடுத்தல், பதிவெண் கேட்டல், ஒப்பிடல் என்னும் அறிந்த படிகளைக் கோத்தலே கண்டுபிடிப்பாயின், நூலிற் பூத்தொடுப்போர் யாவரும் கண்டுபிடிப்பாளரே.

நிரலின் எழுத்துருவை இலங்கைச் சட்டம் பதிப்புரிமையால் ஏற்கனவே காக்கின்றது. உழைப்பாளிக்கு அக்காவல் நீதியானது. அதற்கு அப்பால், அறிந்த வழியிற் செல்வதற்கும் வரி கேட்பது கொள்ளை. வழக்குச் செலவைத் தாங்கக் கம்பனிகளால் இயலும். மட்டக்களப்பில் ஒற்றைக் கணினியோடு நிரலெழுதும் இளைஞனால் இயலாது. ஆதலின் எளிமையை அளக்கும் கோல் வழக்கறிஞர் கையிலன்றித் தொழிலறிந்தார் கையில் இருத்தல் வேண்டும். அவர் சாட்சியம் மேன்முறையீட்டில் அன்று, உரிமை வழங்குமுன்னரே கேட்கப்படல் வேண்டும்.