பழரசத்தைச் சோதிப்பது யார்?

பாலில் தண்ணீர் கலந்திருந்தால் நம் தாய்மார்கள் காய்ச்சும்போதே கண்டுகொள்வார்கள். அரிசியில் கல் இருந்தால் முறம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பாக்கெட் பழரசத்தில் காரீயமோ பாஷாணமோ இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. சோதனைக்கூடம் ஒன்றுதான் சொல்லும். ஆகவே, அந்தச் சோதனையை யார் செய்வது, முடிவை யார் வெளியிடுவது என்பது விஞ்ஞானிகளின் பிரச்சினை மட்டுமல்ல. உழைத்துச் சம்பாதித்த காசைக் கொடுத்து வாங்குகிற நம்முடைய உரிமைப் பிரச்சினை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு, கடைகளில் விற்கும் ஆப்பிள், திராட்சை ரசங்களில் 88 மாதிரிகளைச் சோதித்து 2011 நவம்பரில் முடிவை வெளியிட்டது. சுமார் பத்தில் ஒன்றில் ஆர்சனிக் என்னும் பாஷாணம், குடிநீருக்கு அந்நாட்டு அரசு விதித்த அளவை மீறியிருந்தது. நான்கில் ஒன்றில் காரீயம், புட்டித் தண்ணீருக்கான அளவை மீறியிருந்தது. தண்ணீருக்கு இருந்த கண்டிப்பு குழந்தை குடிக்கும் ரசத்துக்கு இல்லை! 2013இல்தான் ஆப்பிள் ரசத்தில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று அரசு முன்மொழிந்தது. அது உறுதியானது 2023இல். ஒரு வரம்பைக் காகிதத்தில் எழுதப் பத்து ஆண்டுகள்!

இவற்றை யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. முற்காலத்தில் ஆப்பிள் தோட்டங்களில் பூச்சியைக் கொல்லக் காரீய ஆர்சனேட் தெளித்தார்கள். தெளிப்பது நின்றது, மண்ணில் நஞ்சு தங்கிவிட்டது. மண்ணும் நீரும் கொடுப்பதைத்தானே மரம் ஏற்கும்?

காரீயத்தில் பாதகமில்லாத அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறது. அது மூளையைத் தாக்குகிறது. நிலபுலன் இல்லாத நம் பிள்ளைகளுக்கு மூளைதானே மூலதனம்?

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் இருக்கிறது. அதன் 40ஆவது பிரிவின்படி, வாங்கிய பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கும் உரிமை சாதாரண மனிதனுக்கும் உண்டு. சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சோதனை முறையாக நடப்பதும் முக்கியம். 2015 ஜூனில் காரீயத்தைக் காரணம் காட்டி மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்பு சோதித்த கூடங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்றது. அங்கீகாரம் பெற்ற மூன்று கூடங்களில் மறுபடி சோதித்தபோது காரீயம் வரம்புக்குள்ளேயே இருந்தது. அரைகுறைச் சோதனை யாருக்கும் நியாயம் செய்யாது.

எனவே நாம் கேட்பது இரண்டு. அங்கீகாரம் பெற்ற கூடங்களில் பழரசங்களை அரசு ஆண்டுதோறும் சோதித்து, முடிவைக் கம்பெனிப் பெயருடன் வெளியிட வேண்டும். நம் சங்கக் கிளைகள் ஆளுக்குக் கொஞ்சம் வசூலித்து, 40ஆவது பிரிவைப் பயன்படுத்த முன்வர வேண்டும். ஒரு குடும்பத்துக்குச் சுமையாகும் கட்டணம் ஐம்பது குடும்பங்களுக்குச் சுமையாகாது.

அதுவரை, தாய்மார்களே, பீதி வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழரசமே வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழமாகவே கொடுங்கள். தாகத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள்.