வெள்ளிமலையும் பொன்மேடும்

நகரங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆற்றையோ கடலையோ துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். புகாரும் மதுரையும் நம் நினைவில் அப்படித்தான் படிந்திருக்கின்றன. ஆனால் பெரிய ஆறோ துறைமுகமோ இல்லாத இடத்தில், நிலத்தடியில் கிடைத்த ஒரே பொருளுக்காக எழுந்த நகரங்களும் உண்டு. பொலிவியாவின் பொதோசியும் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கும் அத்தகையவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 'வாழ்ந்த நகரம்', 'வீழ்ந்த நகரம்' என்று நாம் எளிதாகப் போட்டுவிடும் முத்திரைகள் நிலைக்கமாட்டா.

பொதோசி கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பயிர் விளைவதே அரிதான ஆண்டிஸ் குளிரில் அமைந்தது. 1545-இல் அங்குள்ள செர்ரோ ரிக்கோ, அதாவது செல்வமலை, வெள்ளி தரத் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரின் மக்கள்தொகை 1,50,000-ஐத் தாண்டியதாகக் கணக்கிடுகிறார்கள். 1570-களில் வைஸ்ராய் ஃபிரான்சிஸ்கோ தெ தொலேதோ, இன்காக்கள் காலத்து 'மிதா' என்னும் ஊழியமுறையைச் சுரங்கத்துக்குத் திருப்பினார். சுற்றிலுமுள்ள மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்து வந்து உழைக்க வேண்டும். ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் வந்தார்கள். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் பாதரசம் பெருவின் உவான்காவெலிகாவிலிருந்து வந்தது. தாதுவை இடிக்கும் ஆலைகளை ஓட்ட மலைமேல் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. 1626-இல் அவற்றில் ஒன்று உடைந்து ஆலைகளையும் மனிதர்களையும் வாரிச் சென்றது.

ஜோஹன்னஸ்பர்க்கின் கதை 1886-இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் தொடங்குகிறது. பத்தே ஆண்டுகளில் 1,00,000 பேர் வாழும் நகரம் உருவாகிவிட்டது. அங்கே தாதுவின் அளவு பெரிது. ஆனால் அதிலுள்ள தங்கம் சொற்பம், அதுவும் ஆழத்தில். உலகச் சந்தையில் தங்கத்தின் விலையோ நிர்ணயிக்கப்பட்ட ஒன்று. எனவே சுரங்க முதலாளிகள் குறைக்கக்கூடிய செலவு கூலி ஒன்றே. மொசாம்பிக்கிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் ஆண்கள் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டு, குடும்பத்தைப் பிரிந்து கொட்டடிகளில் அடைக்கப்பட்டார்கள். 1904-லிருந்து சில ஆண்டுகள் 60,000-க்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர்களும் வந்தனர். 1911-க்கும் 1969-க்கும் இடையே கறுப்பினச் சுரங்கத் தொழிலாளரின் கூலி உண்மை மதிப்பில் உயரவே இல்லை என்று பிரான்சிஸ் வில்சனின் ஆய்வு காட்டியது. பொதோசியில் அரச ஆணை செய்த வேலையை இங்கே அனுமதிச்சீட்டுச் சட்டமும் வரியும் செய்தன.

இதன் பிறகு இரு நகரங்களின் வழியும் பிரிகிறது. பொதோசியின் வெள்ளி லாமாக்களின் முதுகிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலும் கடற்கரைக்கு இறங்கி, செவில் நகருக்கும், பசிபிக் வழியே மணிலாவுக்கும் சீனாவுக்கும் போயிற்று. ஊரில் நாணயச்சாலை இருந்தது. வேறு தொழில் வேர்விடவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கிலோ 1887-லேயே பங்குச்சந்தை வந்துவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலை, நிலக்கரி, இருப்புப்பாதை, இயந்திரத் தொழில், வங்கிகள் என்று தங்கத்தைச் சுற்றி இன்னொரு பொருளாதாரம் வளர்ந்தது. 2007-இல் தங்க உற்பத்தியின் முதலிடத்தைச் சீனா பிடித்தபோது நகரம் சரியவில்லை.

ஆகவே முன்னது செல்வத்தை வீணடித்தது, பின்னது விவேகத்துடன் முதலீடு செய்தது என்று பொருளாதாரக் கட்டுரைகள் முடிப்பதுண்டு. இந்த முடிவு நமக்கு ஏற்புடையதன்று. வெள்ளியை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை பொதோசியில் வெட்டியவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் மிஞ்சிய செல்வமும் ஓர் இனத்துக்கென்றே வேலியிடப்பட்டது. தோண்டியவர்களின் சொவேட்டோ சுரங்கக் கழிவுமேடுகளுக்கு அப்பால் ஒதுக்கப்பட்டது. விவேகம் என்று நாம் புகழ்வது, யாரிடமிருந்து எடுத்து யாரிடம் சேர்த்தது என்ற கேள்விக்குப் பதிலாகாது.

நகரங்களின் கணக்கை மனிதரின் நுரையீரலில் பார்த்தால் வேற்றுமை பெரிதும் மறைந்துபோகிறது. 1985-இல் வெள்ளீய விலை சரிந்து அரசுச் சுரங்கங்கள் ஆட்குறைப்புச் செய்த பின், செல்வமலையைக் கூட்டுறவுக் குழுக்கள் குடைந்து வருகின்றன. பாறைத்தூள் நோய் அங்கே இன்றும் சாதாரணம். மலையுச்சியே உள்வாங்குவதால் யுனெஸ்கோ 2014-இல் நகரை அபாயப் பட்டியலில் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவில் அதே நோய்க்கான இழப்பீட்டு உடன்பாட்டுக்கு நீதிமன்றம் 2019-இல்தான் ஒப்புதல் தந்தது. ஜோஹன்னஸ்பர்க்கின் தென்மேற்கே ஸ்டில்ஃபோன்டைனில், கைவிடப்பட்ட சுரங்கத்தில் உரிமமின்றி இறங்கியவர்களை வெளியேற்றக் காவல்துறை உணவு செல்வதைத் தடுத்தது. 2025 ஜனவரியில் 78 உடல்கள் மேலே கொண்டுவரப்பட்டன. உள்ளே சிக்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் மொசாம்பிக், ஜிம்பாப்வே, லெசோத்தோ நாட்டினர். தங்கம் தேடி ஆட்கள் வரும் வழி நூறாண்டாக மாறவில்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் அழைப்பவர் தில்லையாடியில் பிறந்தவர் அல்லர்; 1898-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1913-இல் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று ஒப்பந்தக் கூலிகளை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் வள்ளியம்மை சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவருடைய கல்லறை பொன்னகரத்தின் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் இருக்கிறது. நாம் அவரை விடுதலைப் போராட்டப் படத்தொகுப்பில் வைத்துவிட்டு, அவரை உருவாக்கிய நகரத்தையும் அதன் உழைப்பாளர் உலகத்தையும் மறந்துவிட்டோம்.

பொலிவியா தன் அரசுச் சின்னத்தில் செல்வமலையைப் பொறித்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1961-இல் தன் நாணயத்துக்கு அந்தப் பொன்மேட்டின் பெயரையே 'ராண்ட்' என்று சூட்டியது. மலைக்கும் மேட்டுக்கும் கிடைத்த இந்த மரியாதை உள்ளே இறங்கியவர்களுக்குக் கிடைக்கவில்லை. நகரங்களைப் பற்றி எழுதும் நம் பயணக் கட்டுரையாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் மாளிகைகளோடு நின்றுவிடாமல் சுரங்கவாய் வரையேனும் வாசகனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.