செம்மரமும் தேவாங்கும்

திருமலை சென்று திரும்பும் குடும்பங்கள் மரப்பாச்சி வாங்கி வருவது பழைய வழக்கம். கொலுப்படியில் முதலிடம் பெறும் அந்த இணை, மரபுப்படி செம்மரத்தில் செதுக்கப்படுவது. உலகில் அம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே; சேஷாசலமும் அதில் அடங்கும்.

அதே மலைக்காட்டில் இரவில் நடமாடும் எளிய உயிர் தேவாங்கு. எடை கால் கிலோ அளவே. மெலிந்தவரைக் கேலி செய்யவே அதன் பெயரை நினைவுகூர்வோர் பலர்.

இரண்டும் மெதுவாகவே பெருகுபவை. செம்மரம் வைரம் பாய்ந்து சிவக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தேவாங்கு ஓர் ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் ஈனும். வட்டியை மட்டும் எடுத்து வாழ வேண்டிய இடத்தில் மனிதர் முதலிலேயே கை வைக்கின்றனர்.

ஆயினும் ஆபத்து வரும் வழி வேறு. செம்மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருந்தும், சீனம் வரை கள்ளத்தனமாகக் கப்பலேறுகிறது. தேவாங்கைப் பிடிப்பவனுக்குக் கப்பல் வேண்டியதில்லை. வாங்குவோர் உள்ளூரிலேயே உள்ளனர். வசியத்துக்கு உதவும், கண்நோய் தீர்க்கும் என்று நம்பி அதன் கண்களைத் தேடுகின்றனர். கோயிலில் அருச்சனை செய்த கையோடு மாந்திரீகன் வாசலிலும் நிற்பவர்களை என்னவென்பது!

தமிழக அரசு 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. காட்டைக் காப்பதே முறை. தேவாங்கு கிளைவிட்டுக் கிளை பற்றியே நகரும், தாவத் தெரியாது. நடுவில் மரங்கள் வெட்டப்பட்டால் அது தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே நாயும் வாகனமும் காத்திருக்கின்றன.