நடுநிலை எனும் நாப்பூட்டு

“பந்தைப் பற்றிப் பேசுக; ஆள்வோரைப் பற்றிப் பேசற்க!” விளையாட்டு ஒளிபரப்பாளர்க்கு ஆட்சியில் இருப்போர் விதிக்கும் கட்டளை இது. இதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயரோ நடுநிலை! அந்நடுநிலை எவர் வாயைப் பூட்டுகின்றது, எவர் வாயைத் திறந்து விடுகின்றது என்று பார்த்தால், அதன் உண்மை உருவம் வெளிப்பட்டு விடும்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி.யின் புகழ்பெற்ற கால்பந்து நிகழ்ச்சியை 1999 முதல் நடத்தி வந்தவர் கேரி இலினேக்கர். இங்கிலாந்து அணிக்காக 48 இலக்குகள் அடித்தவர். 2022 நவம்பர் 20-ஆம் நாள் கத்தார் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. ஆட்டத்தைப் பற்றிப் பேசுமுன், அந்நாட்டில் அயல்நாட்டுத் தொழிலாளர் நடத்தப்பட்ட முறையையும், போட்டியை நடத்தும் உரிமை குறித்து எழுந்த கையூட்டுக் குற்றச்சாட்டுகளையும் அவர் எடுத்துரைத்தார். கழகத்தின் திரையிலேயே பேசப்பட்ட அரசியல் அது! கழகம் அவரை ஒறுக்கவில்லை.

நான்கு திங்களுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. சிறு படகுகளில் கடல் கடந்து வரும் ஏதிலியரைத் தடுத்து வைத்து வெளியேற்றுதற்கான சட்ட வரைவைப் பிரித்தானிய அரசு 2023 மார்ச்சுத் திங்களில் கொண்டுவந்தது. இலினேக்கர் அதனை அளவிறந்த கொடுமை என்றார். அதன்பொருட்டு ஆள்வோர் பேசிய மொழி 1930-களின் செருமனியில் பேசப்பட்டதற்கு ஒப்பானது என்றார். இதனைக் கழகத்தின் திரையில் அன்று, தம் தனிப்பட்ட வலைப்பக்கத்திலேயே எழுதினார். மார்ச்சு 10-ஆம் நாள் கழகம் அவரை நிகழ்ச்சியினின்று விலக்கி வைத்தது.

அயலான் வீட்டு அழுக்கைச் சுட்டினால் அறச்சீற்றம். தன் வீட்டு அழுக்கைச் சுட்டினால் நடுநிலைக் கேடு! இது எந்நாட்டு முறை?

அதே காலத்தில் அக்கழகத்தின் தலைவராக வீற்றிருந்தவர் இரிச்சர்டு சார்ப்பு. ஆளுங்கட்சிக்கு நான்கு இலக்கம் பவுனுக்கு மேல் நன்கொடை வழங்கியவர் அவர். தலைமை அமைச்சராயிருந்த போரிசு சான்சன் 8 இலக்கம் பவுன் கடன் பெறுதற்கான ஏற்பாட்டில் தமக்கிருந்த பங்கை முறைப்படி வெளியிடாமையால், 2023 ஏப்பிரலில் அவர் பொறுப்பினின்று விலக நேர்ந்தது. கட்சிக்குப் பொருள் கொடுத்த கை, கழகத்தின் தலைமையில் அமரலாம். ஏதிலிக்காகப் பேசிய நா, பந்தாட்டத்தைப் பற்றியும் பேசலாகாது! இதுவோ நடுநிலை?

ஆனால், உடன் பணியாற்றியோர் தாழ்ந்து போகவில்லை. ஈயன் இரைட்டும் அலன் சியரரும் பங்கேற்க மறுத்தனர், விரிப்புரையாளரும் விலகினர். மார்ச்சு 11 அன்று, உரையாடலும் விரிப்புரையும் இன்றி, 20 மணித்துளி அளவே அந்நிகழ்ச்சி ஓடிற்று. மார்ச்சு 13-ஆம் நாள் கழகம் பணிந்தது. இலினேக்கர் திரும்ப அழைக்கப்பட்டார்.

இது புதிய போராட்டமும் அன்று. அமெரிக்கக் குத்துச்சண்டை மறவர் முகம்மது அலி, வியத்துநாம் போருக்குப் படையிற் சேர மறுத்ததால், 1967-இல், வழக்கு முறைமன்றத்திற்கு வருமுன்னரே ஆடும் உரிமையையும் பட்டத்தையும் இழந்தார். முறையான உசாவலின்றிச் செய்யப்பட்ட இதனை, ஒளிபரப்பாளர் ஓவர்டு கோசெல் கண்டித்தார். பலர் ‘கிளே’ என்னும் பழம்பெயராலேயே வீம்புக்கு அழைத்தபொழுது, அவர் ‘அலி’ என்றே அழைத்தார். 1971-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் அலியின்மேற் சாட்டப்பட்ட குற்றத் தீர்ப்பைத் தள்ளிற்று. அன்று வாய் மூடியிருந்தோர் நடுநிலையாளரா? பேசிய கோசெல் அன்றோ நடுநிலையாளர்!

அவ்வாறாயின் ஒலிவாங்கி பிடித்தவன் எதையும் பேசலாமோ? பேசலாகாது. 2025 மே திங்களில் இதே இலினேக்கர், யூத நாட்டுக் கொள்கையைக் கண்டிக்கும் ஒரு படக்காட்சியைப் பகிர்ந்தார். யூதரை இழிக்கப் பண்டு கையாளப்பட்ட எலி உருவம் அதில் இருந்தது. அதனைத் தாம் கவனிக்கவில்லை என்று கூறி நீக்கினார், மன்னிப்புக் கேட்டார், கழகத்தினின்றும் வெளியேறினார். அவர் அன்று மன்னிப்புக் கேட்டது சரியே. ஏதிலியரை இழிக்கும் மொழி தீதாயின், யூதரை இழிக்கும் உருவமும் தீதே.

இதுவே அளவுகோல்: சொன்னது உண்மையா? அது மாந்தனைப் பிறப்பால் இழிக்கின்றதா? அரசியலா அன்றா என்பது கேள்வியே அன்று. ஆள்வோர் கையில் திறவுகோல் இருக்கும்வரை, நடுநிலை என்பது பூட்டே, அறமாகாது!